கோல்ட்ரேனின் "எ லவ் சுப்ரீம்": அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் கேட்கிறவர்களிடம் "ஆன்மிகம்" என்ற பேச்சு வந்தாலே முதலில் வருகிற பெயர் ஜான் கோல்ட்ரேனின் "எ லவ் சுப்ரீம்". புதிதாகக் கேட்கத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

இது என்ன ஆல்பம்? ஜாஸ் பழக்கமே இல்லாதவருக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

1964 டிசம்பர் 9 இரவு, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் எங்கில்வுட் கிளிஃப்ஸ் என்ற ஊரில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவானது. டெனர் சாக்சபோன் ஜான் கோல்ட்ரேன், பியானோ மெக்காய் டைனர், பேஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) ஜிம்மி கேரிசன், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். நான்கு பகுதிகள், மொத்தம் ஏறக்குறைய 33 நிமிடம். பாட்டு என்று எதுவும் கிடையாது, முதல் பகுதியின் கடைசியில் வரும் ஒரு சின்ன உச்சாடனத்தைத் தவிர. இம்பல்ஸ் நிறுவனம் 1965-ல் வெளியிட்டது, தயாரிப்பாளர் பாப் தீல். அந்த வருடமே டவுன்பீட் பத்திரிகையின் வாசகர்கள் இதை ஆண்டின் சிறந்த இசைத்தட்டாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

"ஆன்மிக ஆல்பம்" என்பது விமர்சகர்கள் பின்னால் ஒட்டிய லேபிள்தானே?

இல்லை, கோல்ட்ரேனே சொன்னது. அந்தக் காலத்து ஜாஸ் இசைத்தட்டுகளில் உட்பக்கக் குறிப்பை வழக்கமாக யாராவது ஒரு பத்திரிகையாளர்தான் எழுதுவார். இதில் கோல்ட்ரேன் தானே எழுதி, தன் பெயரையும் போட்டிருக்கிறார். கேட்கிறவர்களை நேரடியாக விளித்துத் தொடங்கும் கடிதம் அது. எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று ஆரம்பித்து, 1957-ல் கடவுளின் அருளால் தனக்கு ஒரு விழிப்பு ஏற்பட்டதாகவும், அந்த நன்றியில், இசையால் மற்றவர்களை மகிழ்விக்கும் வழியைத் தனக்குக் கொடுக்கும்படி வேண்டிக்கொண்டதாகவும், அது கிடைத்துவிட்டதாகவும் சொல்கிறார். இந்த ஆல்பம் அவருக்கு நான் வைக்கும் எளிய காணிக்கை என்கிறார். கூடவே ஆல்பத்தின் பெயரிலேயே ஒரு நீண்ட கவிதையும் அச்சாகியிருக்கிறது. அந்தக் கவிதையை மறந்துவிடாதீர்கள், கீழே அதற்கு வேலை இருக்கிறது.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இதில் கடவுளிடம் புதிதாக எதையும் கேட்கவில்லை. கேட்டது 1957-ல். கிடைத்தது நடுவில். 1964-ல் நடப்பது நன்றி செலுத்துவது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் இசையின் போக்கே வேறு மாதிரி தெரியும் என்பது என் அனுபவம்.

1957-ல் அப்படி என்ன நடந்தது?

கோல்ட்ரேன் 1955-லிருந்து டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்தார். ஹெராயின் பழக்கம், அதோடு குடி. மேடையில் தூங்கி வழிகிற அளவுக்குப் போயிற்று, 1957-ல் மைல்ஸ் அவரைக் குழுவிலிருந்து அனுப்பிவிட்டார். அப்போது வயது முப்பது. ஃபிலடெல்ஃபியாவில் அம்மா இருந்த வீட்டுக்குப் போய், மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல் ஒரே மூச்சில் இரண்டையும் விட்டார். அதன் பிறகு அதே வருடம் தெலோனியஸ் மங்க் என்ற பியானோ மேதையோடு நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் மாதக்கணக்கில் வாசித்தார். அங்கேதான் அவருடைய வாசிப்பு வேறு தளத்துக்குப் போனது.

இதுவரை சொன்னது எல்லோரும் சொல்கிற கதை. ஆனால் அந்தக் கடிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது, அதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். விழிப்பு வந்த பிறகும் தனக்கு ஒரு தடுமாற்றக் காலம் இருந்தது, கொடுத்த வாக்குக்கு மாறாக, அந்தப் பாதையை விட்டு விலகிப் போனேன் என்று அவரே எழுதுகிறார். புகழின் உச்சியில் இருக்கிற ஒருவர், நாடு முழுக்க விற்கப்போகிற இசைத்தட்டின் உறையில் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நாள் ஒளி தெரிந்தது, அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்ற மாதிரிக் கதையை அவர் சொல்லவில்லை. அதனால்தான் நான் அவரை நம்புகிறேன்.

இதை எப்படி எழுதினார்?

1964-ல் அவரும் பின்னாளில் அவருடைய இரண்டாவது மனைவியான ஆலிஸும் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், டிக்ஸ் ஹில்ஸ் என்ற இடத்தில் குடியேறியிருந்தார்கள். அந்த வீட்டு மாடி அறையில் சில நாட்கள் அடைந்து கிடந்து எழுதினார். இறங்கி வந்தபோது பைபிளில் மலையிலிருந்து மோசே இறங்கி வந்தது போல இருந்தது என்று ஆலிஸ் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு முழுத் தொகுப்புக்கான இசையும் ஒரே சமயத்தில் தனக்குக் கிடைத்தது இதுதான் முதல் முறை என்று கோல்ட்ரேன் சொன்னாராம்.

அவர் கைப்பட எழுதிய குறிப்புத்தாள் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனில் இருக்கிறது. அதில் முதலில் ஒன்பது பேர் வாசிப்பதாகத் திட்டம். இரண்டு பேஸ், காங்கா, டிம்பாலே முரசுகள் எல்லாம் இருக்கிறது. கடைசியில் தன் வழக்கமான நால்வர் குழுவோடு முடித்துக்கொண்டார். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. வருடக்கணக்காக இரவுக்கு இரவு ஒன்றாக மேடை ஏறியவர்கள் அவர்கள், இந்த மாதிரி விஷயத்துக்கு அந்தப் பழக்கம் வேண்டும்.

நான்கு பகுதிகளில் என்ன நடக்கிறது?

முதல் பகுதி "அக்னாலெட்ஜ்மென்ட்", அதாவது ஒப்புக்கொள்ளுதல். ஒரு காங் ஒலி, சாக்சபோனில் ஒரு சிறு முழக்கம், அது அடங்கியதும் பேஸில் நான்கு ஸ்வரங்கள். அந்த நான்கும்தான் ஆல்பத்தின் விதை. கேரிசன் அதையே திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருக்க, மேலே சாக்சபோன் எங்கெங்கோ போய்வருகிறது. ஐந்தாவது நிமிடத்தை ஒட்டி கோல்ட்ரேன் அந்த நான்கு ஸ்வரத்தையே கையில் எடுக்கிறார். ஒரு சுருதியில் வாசிக்கிறார், அடுத்து வேறொன்று, அடுத்து இன்னொன்று, மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. பன்னிரண்டு சுருதிகளிலும் அதை வாசித்துவிடுகிறார். முதல் தடவை கேட்கும்போது ஏதோ தடம் மாறிப் போகிற மாதிரி இருக்கும். குறிப்புத்தாளைப் பார்த்தால் அது முன்பே யோசித்து வைத்த விஷயம் என்று தெரிகிறது. எந்தப் பாதையும் சுலபமில்லை, ஆனால் எல்லாமே கடவுளிடம்தான் திரும்பிப் போகின்றன என்று கவிதையில் ஒரு வரி வரும். அந்தப் பன்னிரண்டையும் கேட்கும்போது எனக்கு அந்த வரிதான் நினைவுக்கு வருகிறது.

அது முடிந்ததும் வாய்க்குரல். "எ லவ் சுப்ரீம், எ லவ் சுப்ரீம்" என்று தணிந்த குரலில், ஏறக்குறைய ஒரே தொனியில். அப்போதுதான் புரிகிறது, ஆரம்பத்தில் பேஸ் மீட்டியதே இந்த நான்கு அசைகளைத்தான். வார்த்தை கடைசியில் வருகிறது, அதுவரை நாம் அதை வார்த்தை என்று தெரியாமலேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

"ரெசல்யூஷன்" உறுதி எடுப்பது. கேரிசன் தனியாகக் கொஞ்ச நேரம் வாசிக்க, திடீரென்று சாக்சபோன் முழுக் குரலில் உள்ளே பாயும். தடுமாற்றக் காலம் பற்றிப் படித்துவிட்டுக் கேட்டால் அந்தப் பாய்ச்சல் இன்னும் நன்றாகப் புரியும்.

"பர்சூயன்ஸ்" தேடிப் போவது, விடாமல் துரத்துவது. எல்வின் ஜோன்ஸின் தனி டிரம்ஸில் தொடங்கும். உள்ளே இருப்பது மைனர் ஸ்வர வரிசையில் அமைந்த ஒரு ப்ளூஸ் (ஜாஸுக்கு அடித்தளமான கறுப்பின மக்களின் இசை வடிவம்), அதுவும் படு வேகத்தில். ஆல்பத்திலேயே ஆவேசமான இடம் இது. எல்லாம் ஓய்ந்த பிறகு கேரிசன் ஆளில்லாத இடத்தில் பேசுகிற மாதிரி நீண்ட நேரம் தனியாக வாசிப்பார், அதிலிருந்து இடைவெளி விடாமல் நான்காவது பகுதி பிறக்கும்.

நான்காவது "சாம்", பைபிளின் சங்கீதங்களைப் போன்ற துதி. அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது.

கடைசிப் பகுதியில் அவர் கவிதையை சாக்சபோனில் "வாசிக்கிறார்" என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான், நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆல்பத்தில் அச்சான கவிதையை எதிரில் வைத்துக்கொண்டு "சாம்" கேளுங்கள். முதல் வரி, "ஆண்டவரே, உமக்குத் தகுந்தவனாக இருக்க என்னால் முடிந்ததையெல்லாம் செய்வேன்" என்ற பொருளில் வரும். ஆங்கில மூலத்தில் எத்தனை அசையோ, ஏறக்குறைய அத்தனை ஸ்வரம். வரி முடியும் இடத்தில் மூச்சும் முடியும். "நன்றி இறைவா" என்று கவிதையில் வரும் ஒவ்வொரு இடத்திலும் சாக்சபோன் மேலிருந்து இறங்கி ஆதார ஸ்வரத்தில் வந்து உட்காரும். ஒரு முறை அந்த இறக்கத்தைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் அப்புறம் தாளைப் பார்க்காமலே "இதோ நன்றி சொல்கிறார்" என்று தெரிந்துவிடும். ஆமென் என்ற சொல் வரை இப்படியே போகும்.

லூயிஸ் போர்ட்டர் என்ற இசை ஆய்வாளர்தான் வார்த்தைக்கு வார்த்தை பொருத்திக் காட்டி எழுதினார். கோல்ட்ரேன் உறையில் "இசையாகச் சொல்லப்பட்டது" என்ற பொருளில் ஒரு குறிப்பு மட்டும் கொடுத்துவிட்டு விட்டுவிட்டார்.

நம் ஊரில் விருத்தம் பாடிக் கேட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தாளக்கட்டு இல்லை, செய்யுளின் வரிதான் அளவு, பாடுகிறவர் சொல்லை விரித்து ராகத்தில் நின்று நிதானமாகப் போவார். இங்கேயும் தாளம் எண்ணவே முடியாது. எல்வின் ஜோன்ஸ் டிம்பனி முரசுகளில் இடி உருள்வது போல் மெல்ல உருட்டிக்கொண்டிருக்கிறார், டைனர் பியானோவில் கனமான நாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறார். ஒரே வித்தியாசம், சொல் யார் காதிலும் விழாது. அவர் மனதுக்குள் சொல்லி, மூச்சில் விடுகிறார்.

ஆல்பத்தின் ஆன்மிகம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த ஏழு நிமிடத்தைத்தான். இங்கே பிரார்த்தனைதான் இசைக்கு வடிவம் கொடுக்கிறது. வரியின் நீளமே மூச்சின் நீளம், சொல்லின் ஏற்ற இறக்கமே ஸ்வரத்தின் ஏற்ற இறக்கம். கவிதையை எடுத்துவிட்டால் அந்த மெட்டு அந்த வடிவத்தில் பிறந்திருக்கவே முடியாது.

சில இடங்களில் கத்துகிற மாதிரி இருக்கிறது. பக்தி என்றால் அமைதி வேண்டாமா?

இது நியாயமான கேள்வி, ஆனால் பதில் அவர் வளர்ந்த இடத்தில் இருக்கிறது. கோல்ட்ரேன் 1926-ல் வட கரோலினாவின் ஹாம்லெட்டில் பிறந்து ஹை பாயின்ட் என்ற ஊரில் வளர்ந்தவர். அம்மாவழி, அப்பாவழி இரண்டு தாத்தாக்களுமே ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் சர்ச் போதகர்கள். கறுப்பின மக்களின் சர்ச்சில் பிரசங்கம் மெதுவாகத் தொடங்கும், ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்து சூடேறும், கடைசியில் போதகரின் குரல் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் எங்கேயோ போய் உடையும், சபை பதில் குரல் கொடுக்கும். அங்கே அந்தக் குரல் உடைவதுதான் பக்தியின் உச்சம். "பர்சூயன்ஸ்" பகுதியில் சாக்சபோன் கரகரத்து உடைகிற இடங்களை இந்தக் காதோடு கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 1963 செப்டம்பர் 15 அன்று அலபாமாவின் பர்மிங்ஹாமில் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் நிறவெறியர்கள் குண்டு வைத்ததில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். இரண்டு மாதத்தில் கோல்ட்ரேன் "அலபாமா" என்ற இசையைப் பதிவு செய்தார். மேலே சொன்ன குறிப்புத்தாளில், இந்த ஆல்பத்தின் கடைசி நாதம் "அலபாமா"வின் கடைசி நாதம் போல ஒலிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். துதியின் முடிவில் அந்தத் துக்கத்தையும் அவர் சேர்த்தே நினைத்திருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து என்னால் இந்த ஆல்பத்தை வெறும் சாந்தி இசையாகக் கேட்க முடிவதில்லை.

எந்த மதத்தைப் பற்றியது இது?

அவர் ஒரு மதத்தின் பெயரையும் சொல்லவில்லை. வளர்ந்தது கிறிஸ்தவச் சூழலில், முதல் மனைவி நயீமா இஸ்லாத்தைத் தழுவியவர், அவர் மூலம் அந்தப் பக்கமும் பழக்கம். பகவத் கீதை உட்படப் பல மரபுகளின் நூல்களைத் தேடிப் படித்தவர். எல்லா மதங்களையும் நம்புகிறேன் என்று பின்னாளில் சொன்னார். கவிதையில் ஆண்டவர், கடவுள், ஆமென் என்று வரும். கடிதத்தின் முதல் வரியோ ஒரு முஸ்லிமுக்கும் சொந்த வரி மாதிரியே இருக்கும். அந்த உச்சாடனத்தில் "அல்லா சுப்ரீம்" என்று கேட்பதாகச் சொல்பவர்களும் உண்டு. அவரை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ள நினைக்கிறவர்கள் மற்ற பக்கங்களை மறைக்க வேண்டிவரும், அது வேண்டாம்.

இந்தியத் தொடர்பு எவ்வளவு?

இந்த ஆல்பத்தில் நேரடியாக இல்லை. ராகம் எதுவும் தேடாதீர்கள். ஆனால் கோல்ட்ரேனின் காது இந்தப் பக்கம் திரும்பியிருந்தது உண்மை. 1961-லேயே "இந்தியா" என்று ஒரு இசை அமைத்தார், ரவி சங்கரைச் சந்தித்தார், 1965-ல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். அந்த ரவி கோல்ட்ரேன் இன்று நல்ல சாக்சபோன் கலைஞர். கோல்ட்ரேனின் இசையில் இருந்த கொந்தளிப்பு தன்னைக் கலங்கடித்தது என்று ரவி சங்கர் சொல்லியிருக்கிறார். அதே கொந்தளிப்புதான் எனக்கு இதை நெருக்கமாக்குகிறது.

கோல்ட்ரேன் இறந்த பிறகு ஆலிஸ் வழியாக வந்த தொடர்பு இன்னும் ஆழமானது. துக்கத்தில் இருந்த ஆலிஸ் சுவாமி சச்சிதானந்தரிடம் சீடராகச் சேர்ந்தார். அவர் கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த தமிழர், 1969-ல் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவரும் அவரே. ஆலிஸ் 1971-ல் வெளியிட்ட "ஜர்னி இன் சச்சிதானந்தா"வின் பெயர் அவரால் வந்தது. பிற்பாடு ஆலிஸ் தானே துறவறம் பூண்டு, கலிஃபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து, பஜனைகளுக்கு மெட்டுப் போட்டு வாழ்ந்தார்.

கோல்ட்ரேன் பெயரில் சர்ச்சே இருக்கிறதாமே?

ஆமாம், சான் ஃபிரான்சிஸ்கோவில். 1965-ல் அவர் வாசித்ததை நேரில் கேட்ட ஃபிரான்சோ கிங், மரினா கிங் தம்பதி தொடங்கியது. பின்னர் ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் சபையோடு இணைந்தது, கோல்ட்ரேனைப் புனிதராகவே ஏற்றுக்கொண்டார்கள். வழிபாட்டில் இந்த ஆல்பத்தின் இசைதான் முக்கியம். 1966-ல் ஜப்பானில் ஒரு பேட்டியில், இன்னும் சில வருடங்களில் என்னவாக ஆசை என்று கேட்டதற்கு, புனிதராக விரும்புகிறேன் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த வருடம், 1967 ஜூலை 17 அன்று கல்லீரல் புற்றுநோயில் இறந்துபோனார். வயது 40.

மேடையில் வாசித்தாரா?

மிக அரிதாக. 1965 ஜூலையில் பிரான்ஸின் ஆன்டீப் விழாவில் வாசித்த பதிவு உண்டு. அதே வருடம் அக்டோபரில் சியாட்டிலில் ஒரு கிளப்பில் சாக்சபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸ் உட்பட இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு வாசித்தது 2021-ல்தான் வெளியானது. அது ஸ்டூடியோப் பதிவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். முதலில் அதைக் கேட்காதீர்கள்.

கடவுள் நம்பிக்கை இல்லாத எனக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய. கைவிடப்பட வேண்டிய நிலைக்குப் போன ஒரு மனிதர் மீண்டு வந்து, மீண்ட விதத்துக்கு நன்றி சொல்லத் தன் தொழிலில் உச்சமாக எது முடியுமோ அதைச் செய்கிறார். அவர் யாருக்கு நன்றி சொல்கிறார் என்பதில் உங்களுக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம், நன்றி எவ்வளவு பெரியது என்பது காதில் விழத்தான் செய்யும். ஆனால் ஒரு வேண்டுகோள்: "அவர் கடவுளைச் சொன்னாலும் உண்மையில் சொன்னது வேறு" என்று அவருக்காக நாம் திருத்தி எழுத வேண்டாம். அவர் சொன்னதை அவர் மனதாரச் சொன்னார்.

எப்படிக் கேட்பது?

முழுதாக, வரிசையாக. இசைச் செயலியில் வரிசையைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள், "பர்சூயன்ஸ்" முடிந்து "சாம்" தொடங்கும் இடத்தில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை எதையும் படிக்காமல் கேளுங்கள். இரண்டாவது முறை பேஸின் அந்த நான்கு ஸ்வரத்தை மட்டும் தொடருங்கள். மூன்றாவது முறை கவிதையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஸ்பீக்கரில் கேரிசனின் பேஸ் பாதி காணாமல் போய்விடும், சுமாரான ஹெட்ஃபோன் இருந்தால்கூடப் போதும்.

இதற்கு அடுத்து எதைக் கேட்கலாம்?

அதே 1964-ல் அதே நால்வர் பதிவு செய்த "கிரெசன்ட்". இதைவிட அடங்கிய குரல், சிலருக்கு இதைவிடப் பிடித்தும் போகும். அப்புறம் "அலபாமா", ஐந்து நிமிடம்தான். அதன் பிறகு 1965-ன் "மெடிடேஷன்ஸ்", இதே ஆன்மிகத் தேடலின் தொடர்ச்சி, ஆனால் ஃபாரோ சாண்டர்ஸின் இன்னொரு சாக்சபோனும் ரஷீத் அலியின் இன்னொரு டிரம்ஸும் சேர்ந்து மிகக் கடுமையாக இருக்கும். கோல்ட்ரேனின் "அசென்ஷன்" ஆல்பம் பக்கம் அவசரப்பட்டுப் போக வேண்டாம், காது பழகட்டும். நடுவில் மூச்சு வாங்க ஆலிஸின் "ஜர்னி இன் சச்சிதானந்தா"வை வைத்துக்கொள்ளுங்கள், அதில் தம்பூராவும் ஹார்ப்பும் ஃபாரோவின் சாக்சபோனும் ஒன்றாக வரும்.